சரிவில் வைக்க ஜெகரண்டாவா, பாம்பாஸ் புல்லா?

கேள்வி, 9 மார்ச் 2023

அக்கா, நீலகிரியில் அரவேணு பக்கம் 7 சென்டில் வீடு கட்டிக் குடிவந்துவிட்டோம். வாசலுக்கு எதிரே வெறும் மண்ணாகக் கிடக்கிறது. வீட்டம்மாவுக்கு அங்கே ஜெகரண்டா மரம் வேண்டுமாம். எனக்கு வெள்ளைக் குஞ்சம் மாதிரிப் பூக்கிற பாம்பாஸ் புல் பிடித்திருக்கிறது. மரம் வளர்ந்து பூக்கப் பத்து வருடம் ஆகும், புல் இரண்டே வருடத்தில் ஆளுயரம் வந்துவிடும், பராமரிப்பும் கிடையாது. புல்தான் சரி என்பது என் கட்சி. நீங்கள் இரண்டையும் வளர்த்தவர். சொல்லுங்கள்.

9 மார்ச் 2023

மரத்தை வையுங்கள் தம்பி. வீட்டம்மா சொல்வதுதான் சரி.

கட்டபெட்டுக்குக் கீழே எங்கள் வீட்டு மூலையில் 2011-இல் வைத்த ஜெகரண்டா இப்போது இரண்டு மாடி உயரம் நிற்கிறது. இன்று காலை போய்ப் பார்த்தேன். இலை உதிர்ந்த கிளை நுனிகளில் மொட்டு கட்டியிருக்கிறது. இன்னும் மூன்று வாரத்தில் மரம் முழுக்க ஊதாவாகிவிடும். இலை துளிர்ப்பதற்கு முன்பே பூ வந்துவிடுவதால் அந்தச் சில வாரம் கொம்பே தெரியாது. விதையில் வந்த கன்று என்பதால் முதல் பூவுக்கு 8 வருடம் காத்திருந்தோம். ஒட்டுக்கன்று கிடைத்தால் அவ்வளவு காலம் ஆகாது.

பாம்பாஸ் பற்றிச் சொல்ல என்னிடம் நல்ல வார்த்தை ஒன்றும் இல்லை. அந்தக் கதையைத் தனியாக எழுதுகிறேன்.

10 மார்ச் 2023

நேற்று அவசரப்பட்டுவிட்டேன். 'வெறும் மண்' என்று நீங்கள் எழுதியதைச் சமதரை என்று எடுத்துக்கொண்டேன். இரவு படுத்த பிறகுதான் உறைத்தது. அரவேணுவில் 7 சென்ட் சமதரை யாருக்குக் கிடைக்கும்?

மூன்று விஷயம் சொல்லுங்கள். அந்த இடம் சரிவா? சரிவு என்றால் அது வெட்டிய மண்ணா, வீடு கட்டத் தோண்டிக் கொட்டிய மண்ணா? மேலே கரண்ட் கம்பி போகிறதா?

ஏன் கேட்கிறேன் என்றால், 2009 நவம்பர் மழையை நேரில் பார்த்தவள் நான். மாவட்டம் முழுக்க மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்துபோன மழை அது. எங்கள் வீட்டுக்கு மேல் பக்கம் ஒருவர் தோட்டத்தில் மண்ணைக் கொட்டி மேடாக்கி, ஓரத்தில் வரிசையாக சில்வர் ஓக் வைத்திருந்தார். நல்ல வளர்ந்த மரங்கள். அன்று அதிகாலை அந்த மேடு அப்படியே பெயர்ந்து பாதைக்கு வந்தது. மரங்கள் சாயக்கூட இல்லை, நின்றபடியே கீழே வந்து நின்றன. வேர் மண்ணைப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் அந்த மண்ணைப் பிடிக்க அதற்கு அடியில் எதுவும் இல்லை. 'மரம் வைத்தால் மண் நிற்கும்' என்று யாராவது பொதுவாகச் சொன்னால் எனக்கு அந்தக் காலைதான் ஞாபகம் வரும். இது தெரிந்தும் நேற்று உங்களிடம் 'மரத்தை வையுங்கள்' என்று ஒரே வரியில் சொல்லியிருக்கிறேன்.

12 மார்ச் 2023, காலை

பதில் பார்த்தேன். 11 அடி இறக்கம், அஸ்திவாரம் தோண்டிய மண், கீழே ரோடு, மேலே கம்பி. சரி. அந்த இடத்தில் ஜெகரண்டா வேண்டாம். முதலில் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

ஜெகரண்டா விரிந்து வளர்கிற மரம். 30, 40 அடி உயரமும், கிட்டத்தட்ட அதே அகலமும் போகும். கம்பிக்குக் கீழே வைத்தால் வருடாவருடம் ஆள் வந்து தலையை வெட்டிவிட்டுப் போவார்கள். வெட்டிய இடத்தில் நேராக நெட்டுக்குத்தாகக் கொம்புகள் கிளம்பி, குடை மாதிரி இருக்க வேண்டிய மரம் துடைப்பம் மாதிரி ஆகிவிடும். கொம்பும் அவ்வளவு உறுதி கிடையாது, ஆனி ஆடிக் காற்றில் முறியும். வீட்டுச் சுவரிலிருந்து 20 அடியாவது தள்ளி, கெட்டியான மண்ணில் இடம் இருந்தால் மட்டும்தான் யோசிக்க வேண்டும்.

புல் வேர் வேறு மாதிரி. நார் நாராகப் பிரிந்து மேல்மண்ணைத் தைத்து வைக்கும், பாரமும் ஏற்றாது. மழைத்துளி நேராக மண்ணில் அடிக்காமல் இலை தாங்கிக்கொள்ளும். அதனால் மரமா புல்லா என்ற அளவில் நீங்கள் ஜெயித்தீர்கள். எந்தப் புல் என்பதில்தான் சண்டை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 11 அடிக் கொட்டிய மண்ணை எந்தப் புல்லும் தனியாகப் பிடித்து வைக்காது. அடியில் தடுப்புச்சுவர், அதில் தண்ணீர் வடியத் துளைகள், மேலே கூரைத் தண்ணீர் சரிவில் இறங்காமல் ஓரமாகப் போக ஒரு கால்வாய். இவை மூன்றும் முடிந்த பிறகுதான் செடி.

12 மார்ச் 2023, இரவு

பாம்பாஸ் கதை.

2015-இல் குன்னூரில் ஒரு நர்சரியில் மூன்று தொட்டி வாங்கினேன். ஒரு ஓட்டல் வாசலில் பார்த்து ஆசைப்பட்டதுதான். இரண்டாவது வருடம் என்னைவிட உயரம். மூன்றாவது வருடம் 9 அடிக்குக் குஞ்சம் வந்தது. சாயங்கால வெயிலில் வெள்ளி மாதிரி மின்னும். வருகிறவர்கள் எல்லோரும் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்தார்கள். அழகு இல்லை என்று சொன்னால் பொய்.

அந்த வருடமே என் மகள் அதற்குள் விழுந்த பந்தை எடுக்கக் கையை விட்டாள். இலை ஓரம் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத பல், அரம் போல. உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை பதினேழு கீறல். அந்தச் செடியின் தாவரவியல் பெயரே ஸ்பானிய மொழியில் 'வெட்டு' என்கிற சொல்லிலிருந்து வந்தது என்று பிறகுதான் படித்தேன். பெயர் வைத்தவர்கள் எச்சரித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

பராமரிப்பு கிடையாது என்று எழுதியிருந்தீர்கள். அடி இலைகள் வருடாவருடம் காய்ந்து உள்ளேயே சேரும். நம் ஊரில் ஜனவரி பனியில் காய்ந்து பிப்ரவரியில் சருகாகிவிடும். அந்த நேரத்தில் ஒரு பீடித் துண்டு போதும். வீட்டு வாசலில் வைக்கோல்போர் வைத்திருப்பதும் இதுவும் ஒன்று. அதனால் வருடம் ஒருமுறை முழங்கால் உயரத்துக்கு வெட்டியாக வேண்டும். தடித்த கையுறை, முழுக்கைச் சட்டை, கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டு மூன்று தூருக்கு எனக்கு ஒரு நாள் ஆகும்.

இதெல்லாம் பரவாயில்லை என்று இருந்திருப்பேன். 2019 ஆகஸ்டில் பக்கத்துத் தேயிலைக்காரர் வந்து, "உங்க வீட்டுப் புல்லு என் கானுக்குள்ள மொளச்சிருக்கு" என்றார். போய்ப் பார்த்தால் தேயிலைக்கு நடுவே தண்ணீர் வடிய வெட்டிய கான் நெடுக இளம் தூர்கள். அப்படியே கீழே நடந்து ஓடை வரை போனேன். ஓடைக்கரையில், ஈரமான மண் எங்கெல்லாம் திறந்து கிடந்ததோ அங்கெல்லாம் இருந்தது. எங்கள் வீட்டிலிருந்து கால் கிலோமீட்டர் இருக்கும். ஒரு குஞ்சத்தில் ஒரு லட்சம் விதை வரை இருக்கும் என்கிறார்கள். பஞ்சு மாதிரிப் பறக்கிற விதை. காற்று எங்கே இறக்கி விட்டாலும் சரி.

மூன்றையும் தோண்டி எடுக்க நானும் என் வீட்டுக்காரரும் இரண்டு நாள் கடப்பாரை பிடித்தோம். குஞ்சங்களை முதலில் அறுத்து, சாக்கில் போட்டு வாயைக் கட்டிவிட்டுத்தான் தூரில் கை வைத்தோம். ஓடைக்கரைக்கு இப்போதும் வருடத்தில் இரண்டு முறை போய்ப் பிடுங்குகிறேன்.

14 மார்ச் 2023

ஒரு திருத்தம். 'எங்கள் வீட்டிலும் பாம்பாஸ் இருக்கிறது, எட்டு வருடமாக ஒரு நாற்றுகூட முளைக்கவில்லையே' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் சொல்வதும் உண்மையாக இருக்கும். பாம்பாஸில் பெண் பூ மட்டும் உள்ள தூர் தனி, மகரந்தம் தருகிற தூர் தனி. ஒரே ஒரு பெண் தூர் தனியாக நின்றால் விதை பிடிக்காது. குஞ்சம் நன்றாகப் பொங்கியிருப்பது பெண் தூரில்தான் என்பதால் தோட்டக்காரர்கள் அதையே பிரித்துப் பிரித்து விற்பார்கள். நான் வாங்கிய மூன்றும் விதையில் வந்தவை. அதனால் இரண்டு வகையும் கலந்திருந்தன.

அதற்காகத் 'தனித் தூர் ஒன்று வைத்துக்கொள்ளலாம்' என்று நான் சொல்ல மாட்டேன். பக்கத்துத் தெருவில் யாராவது இன்னொன்று வைத்தால் போதும், காற்று மகரந்தத்தைக் கொண்டுவந்துவிடும். தவிர, ஊதாக் குஞ்சம் வருகிற இன்னொரு பாம்பாஸ் இனம் இருக்கிறது, அது மகரந்தமே இல்லாமல் விதை பிடிக்கும். நாற்றாக இருக்கும்போது இரண்டையும் பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. கலிபோர்னியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, ஸ்பெயின் எல்லாம் இந்தப் புல்லோடு மல்லுக்கட்டுகிற இடங்கள். வெளியிலிருந்து வந்து பரவியது என்று நம் மலைக்கு ஏற்கெனவே சீகை மரம் (வாட்டில்) இருக்கிறது, உன்னிச்செடி இருக்கிறது. போதும்.

15 மார்ச் 2023

'சிவப்பு இலையோடு நாய்வால் மாதிரிப் பூக்கிற புல் வைக்கலாமா' என்று இன்னொருவர். அது ஃபவுண்டன் கிராஸ். சிவப்பு ரகம் பெரும்பாலும் விதை பிடிக்காது, பரவாது. பச்சை ரகம் பரவும், தீயும் பிடிக்கும், ஹவாயில் அது பெரிய தலைவலி. சிவப்பை வாங்கலாம், ஆனால் உறைபனி தாங்காது. மேட்டுப்பாளையத்தில் வைத்துப் பார்த்துவிட்டு ஊட்டியில் வைக்க வேண்டாம்.

19 மார்ச் 2023

எந்தப் புல் என்ற கேள்விக்கு வருகிறேன். இதை எழுதத்தான் நான்கு நாள் ஆனது.

வெட்டிவேர் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்கிறேன், ஒரு நிபந்தனையோடு. வெட்டிவேர் பக்கவாட்டில் ஓடாது, நேராக அடியில் இறங்கும். சமவெளியில் முதல் வருடத்திலேயே 10 அடி வரை இறங்குகிற வேர் அது. தென்னிந்தியாவில் நாம் வளர்க்கிற ரகம் விதையில் பரவாது, தூரைச் சின்னச் சின்னச் சிம்புகளாகப் பிரித்துத்தான் நட வேண்டும். அதாவது வைத்த இடத்தில் நிற்கும். சரிவுக்கு இதைவிட ஒழுக்கமான புல் கிடையாது.

நிபந்தனை நம் குளிர்தான். வெட்டிவேர் வெயில் ஊர்ப் புல். மண் குளிர்ந்துவிட்டால் வளர்ச்சியை நிறுத்திவிடும். கோவையில் என் அக்கா வீட்டில் ஒரே வருடத்தில் வேலி மாதிரி மூடிக்கொண்டது. அதே சிம்பை இங்கே கொண்டுவந்து நட்டேன். வரிசை மூட மூன்று வருடம் ஆனது. டிசம்பரிலிருந்து மார்ச் வரை அப்படியே உட்கார்ந்திருக்கும். செத்துவிட்டது என்று நினைத்து முதல் வருடம் நான்கைந்தைப் பிடுங்கியே போட்டேன். வேர் வெள்ளையாக உயிரோடு இருந்தது. பிடுங்காதீர்கள்.

எலுமிச்சைப்புல் இங்கே அதைவிட வேகமாகத் தூர் கட்டுகிறது. வேர் அவ்வளவு ஆழம் போகாது, ஆனால் மேல் ஓரடி மண்ணை நன்றாகப் பிடிக்கும். வளைந்து விழுகிற இலை பார்க்கவும் நன்றாக இருக்கும். காலையில் பனித்துளி அதன் மேல் வரிசையாக நிற்பதைப் பார்த்தால் பாம்பாஸை மறந்துவிடுவீர்கள். டீயில் போட ஒரு கை அறுத்துக்கொள்ளலாம்.

என் யோசனை, இறக்கத்தில் மூன்றடிக்கு ஒரு வரிசை வெட்டிவேர். வரிசைகளுக்கு நடுவே எலுமிச்சைப்புல். வெட்டிவேர் மெதுவாக இறங்குகிற மூன்று வருடமும் எலுமிச்சைப்புல் மேல்மண்ணைப் பார்த்துக்கொள்ளும்.

2 ஏப்ரல் 2023

மரம் பூத்துவிட்டது. இன்று வேறு எதையும் எழுத மனம் வரவில்லை.

காலையில் எழுந்து கதவைத் திறந்தால் படி, தண்ணீர்த் தொட்டி, ஸ்கூட்டர் சீட் எல்லாம் ஊதா. தேனீ சத்தம் ஜன்னலுக்குள் கேட்கிறது. அம்மாவுக்கு 74 வயது, காலை 6 மணிக்கெல்லாம் துடைப்பத்தோடு நிற்பார். கூட்டி முடித்து நிமிர்ந்தால் பின்னாலேயே அடுத்தது விழுந்திருக்கும். "இந்த மரத்துக்குப் பூக்கத் தெரியுது, பொறுக்கத் தெரியல" என்று தினமும் திட்டுவார். ஆனால் போன வருடம் ஒரு கிளையை வெட்டலாம் என்று பேச்செடுத்தபோது முதலில் தடுத்தவரும் அவர்தான்.

வீட்டில் பெரியவர்கள் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது, விழுந்த பூ மழையில் ஊறினால் படி சோப்புத் தேய்த்த மாதிரி வழுக்கும். நடைபாதைக்கு மேல் இந்த மரம் வேண்டாம்.

16 ஏப்ரல் 2023

'புல்லை எல்லாம் ஒரு செடியென்று யார் தோட்டத்தில் வைப்பார்கள்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கொஞ்சம் வருத்தமாக இருந்தது. இந்த மலையே புல்மலைதான். மேல்மலையில் மேடெல்லாம் புல்வெளி, மடிப்புகளில் மட்டும் சோலை. இன்று நாம் பார்க்கிற கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் பிறகு வந்தவை. விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் என்று கொண்டுவந்து புல்வெளிகளின் மேல் நட்டார்கள். 'சும்மா புல்தானே' என்று நினைத்ததால் நடந்தது அது.

தோடர்களின் கோயிலைப் பார்த்திருக்கிறீர்களா? ஊட்டி பூங்காவுக்கு வந்துவிட்டு, தோடர் ஊரான முத்தநாடு மந்துக்குப் போகாமல் திரும்புகிறவர்கள்தான் அதிகம். அந்தக் கூரை வேய ஒரு தனிப் புல் வேண்டும். அவ்ஃபுல் என்று தோடர் மொழியில் பெயர். நீலகிரியின் சதுப்பில் மட்டும் வளர்வது. சதுப்பெல்லாம் வறண்டும் மரம் மூடியும் போனதால் கூரை மாற்றுகிற நேரத்தில் அதைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. ஒரு புல் குறைந்தால் ஒரு கோயிலுக்குக் கூரை போடுவதே சிரமமாகிறது.

அதைக் கொண்டுவந்து என் வீட்டுக் கீழ்ப்பக்க ஈரத்தில் வைத்தால் என்ன என்று ஒருகாலத்தில் ஆசை இருந்தது. பிறகு விட்டுவிட்டேன். மிச்சம் இருக்கிற சதுப்பிலிருந்து நான் ஒரு தூர் பிடுங்கினால், இதைப் படிக்கிற பத்துப் பேர் பத்துத் தூர் பிடுங்குவார்கள். காட்டிலிருந்து எதையும் எடுத்து வராதீர்கள்.

25 ஜூன் 2023

தம்பி சுவர் கட்டி முடித்துவிட்டார். துளைகளும் வைத்திருக்கிறார். போன ஞாயிறு என்னிடமிருந்து வெட்டிவேர் 300 சிம்பு எடுத்துப் போனார், நானும் போயிருந்தேன்.

கொத்தனார் பயன்படுத்துகிற தண்ணீர் டியூப் வைத்து மட்டம் பார்த்துத்தான் வரிசை போட்டோம். கண்ணால் பார்த்துப் போட்டால் வரிசை ஒரு பக்கம் தாழும். தாழ்ந்த பக்கம் தண்ணீர் சேர்ந்து அங்கேயே உடைக்கும். சிம்புக்குச் சிம்பு அரையடிக்கும் குறைவாக, நாலைந்து விரற்கடை இடைவெளி. வீட்டம்மாவுக்கு அது ரொம்ப நெருக்கமாகத் தெரிந்தது. தள்ளி நட்டால் நடுவில் சந்து விழும், வண்டல் நிற்காது. இலையை ஒரு சாண் விட்டு வெட்டிவிட்டு நட வேண்டும், இல்லையென்றால் வேர் பிடிக்கும் முன்பே வாடிவிடும்.

வீட்டம்மா ஜெகரண்டாவை இன்னும் விடவில்லை. நடுகிற நேரம் முழுக்க வாசலில் நின்று, "மரம் எங்கேக்கா வைக்கிறது" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

7 ஜனவரி 2024

நீர்பனி முடிந்து உறைபனி ஆரம்பித்துவிட்டது. இன்று விடியற்காலை எங்கள் கீழ்ப் பள்ளத்தில் தேயிலை மேல் வெள்ளையாகப் படிந்திருந்தது. மேட்டில் இருக்கிற ஜெகரண்டாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் விதையில் முளைத்துப் பள்ளத்தில் நின்ற இரண்டு கன்றும் கருகிவிட்டன. ஒரே தோட்டம், முப்பதடி வித்தியாசம். குளிர்காற்று தண்ணீர் மாதிரித் தாழ்ந்த இடம் பார்த்துத்தான் இறங்கும். இங்கே கன்று வைக்கிறவர்கள் முதல் மூன்று குளிர்காலமும் தேயிலைக்குப் போடுவது மாதிரித் தாகை என்கிற செடியைக் காயவைத்துப் போட்டு மூடிவையுங்கள்.

எலுமிச்சைப்புல் இலையெல்லாம் வைக்கோல் நிறம். பயப்பட வேண்டாம், அடியில் பச்சை இருக்கிறது.

11 பிப்ரவரி 2024

தம்பி இரவு 10 மணிக்குப் பதறிப்போய்ச் செய்தி அனுப்பினார். காட்டெருமை ஏழு, அவர் சரிவு வழியாக இறங்கி ரோட்டுக்குப் போயிருக்கிறது. காலையில் படம் அனுப்பினார். இரண்டு வரிசை மிதிபட்டு மண் சரிந்திருந்தது. ஆனால் எலுமிச்சைப்புல்லில் ஒரு கடிகூட இல்லை, அந்த வாசம் அவற்றுக்குப் பிடிக்காது போல. வெட்டிவேரின் இளம் நுனிகளை மட்டும் அங்கங்கே மேய்ந்திருந்தன. மேய்ந்தது மறுபடி வளரும். மிதித்த இடத்தில் மட்டும் மண்ணை அழுத்தி, பிடுங்கிக் கிடந்த சிம்பை அன்றே திரும்ப நடச் சொன்னேன்.

இதுவே ஜெகரண்டாக் கன்றாக இருந்தால்? போன வருடம் என் உறவினர் வைத்த மூன்றடிக் கன்றில் ஒரு காட்டெருமை உடம்பைத் தேய்த்துவிட்டுப் போனது. காலையில் கன்று தரையோடு கிடந்தது. மரம் வைத்தால் நான்கைந்து வருடத்துக்குக் கூண்டு வேலி வேண்டும்.

21 ஏப்ரல் 2024

இந்தக் கேள்வி என்னை ஒரு வாரமாக விடவில்லை. 'பாம்பாஸும் தென்னமெரிக்கா, ஜெகரண்டாவும் தென்னமெரிக்கா. ஒன்றை விரட்டுகிறீர்கள், இன்னொன்றைக் கொஞ்சுகிறீர்கள். இது என்ன நியாயம்?'

நியாயமான கேள்வி. ஜெகரண்டா அர்ஜென்டினா, பொலிவியா பக்கத்து மரம். தென்னாப்பிரிக்காவில் பிரிட்டோரியாவுக்கு ஜெகரண்டா நகரம் என்றே பெயர், ஆனால் அந்த நாட்டிலேயே இதை ஆக்கிரமிப்புத் தாவரப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். இது தெரிந்த பிறகு போன வாரம் என் மரத்தைச் சுற்றித் தேடினேன். ஓடை வரைக்கும் நடந்தேன். மொத்தம் 14 நாற்று. எல்லாமே மரத்திலிருந்து 60 அடிக்குள், பெரும்பாலும் எங்கள் கால்வாய் ஓரத்தில். பிடுங்கினேன், கையோடு வந்துவிட்டன. பாம்பாஸ் அளவுக்கு இது ஓடவில்லை. விதைக்கு மெல்லிய சிறகு இருந்தாலும் காய் கனமான வட்டத் தட்டு, பக்கத்திலேயேதான் விழுகிறது.

ஆனாலும் 14 என்பது பூஜ்யம் இல்லை. அதனால் முதல் நாள் சொன்னதை இரண்டாவது முறையாக மாற்றுகிறேன். இன்று எனக்குக் காலி இடம் இருந்தால் ஜெகரண்டா வைக்க மாட்டேன். நாவல் வைப்பேன், அல்லது குளிர்காலத்தில் இரத்தச் சிவப்பாகப் பூக்கிற நம் ரோடோடென்ட்ரான். காட்டுப் பூவரசு என்று சொல்வோமே, அது. நாவல் வைத்தால் பழத்துக்குக் கரடி வரும். அதையும் யோசித்துத்தான் வீட்டிலிருந்து தள்ளி வைக்க வேண்டும்.

இருக்கிற மரத்தை வெட்ட எனக்கு மனமில்லை. வருடாவருடம் நாற்றைப் பிடுங்கிவிடுகிறேன். நினைத்தாலும் சும்மா வெட்டிவிட முடியாது. மலைப்பகுதி மரங்களைப் பாதுகாக்க 1955-இல் வந்த சட்டம் இருக்கிறது, சொந்த நிலத்து மரமானாலும் அனுமதி வாங்க வேண்டும். மரம் வைக்கிறவர்கள் இதை நடுகிற அன்றே நினைத்துக்கொள்ளுங்கள். புல் பிடிக்கவில்லை என்றால் ஒரு கடப்பாரை போதும்.

18 நவம்பர் 2024

இரண்டு நாள் விடாத மழை. தம்பி வீட்டுச் சரிவு பெயராமல் நின்றுவிட்டது. நேரில் போய்ப் பார்த்தேன், வெட்டிவேர் வரிசைக்கு மேலே வண்டல் படிந்து நாலு விரல் உயரத்துக்குச் சின்னப் படிக்கட்டு மாதிரி ஆகியிருக்கிறது. தண்ணீர் கலங்காமல் வடிந்து போகிறது.

கிழக்கு மூலையில் மட்டும் ஒரு கட்டில் அளவுக்கு மண் இறங்கியிருக்கிறது. அங்கே சுவரின் துளைகளில் சிமெண்ட் அடைத்துக் கிடந்தது. கட்டும்போதே குச்சி விட்டுப் பார்த்திருக்க வேண்டும். பின்னால் தேங்கிய தண்ணீர் மண்ணைத் தள்ளிவிட்டது, அங்கே புல் நன்றாகத்தான் இருந்தது. கம்பியால் குத்தித் துளையைத் திறந்ததும் பத்து நிமிடம் செந்தண்ணீர் பீய்ச்சியது.

30 மார்ச் 2025

வீட்டம்மாவுக்கு மரம் கிடைத்துவிட்டது. வீட்டின் பின்னால், செப்டிக் தொட்டிக்கு அந்தப் பக்கம், வெட்டிய கெட்டி மண்ணில் சமமாக ஒரு துண்டு இருந்தது. போன ஆனியில் ஒரு ரோடோடென்ட்ரான் கன்று, காட்டில் எடுத்தது அல்ல, விதை போட்டு நாற்றங்காலில் வளர்த்தது. சுற்றிக் கூண்டு, குளிர்காலத்தில் தாகை. இரண்டு அடி இருக்கிறது. "ஊதா கேட்டேன், சிவப்பு குடுத்துட்டீங்க" என்று அவருக்குக் குறைதான். ஏப்ரலில் எங்கள் வீட்டுக்கு வந்து ஊதாவைப் பார்த்துக்கொள்ளட்டும், படி வழுக்கும் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

சரிவில் எலுமிச்சைப்புல் மறைந்து வருகிறது, வெட்டிவேர் நெருக்கமாகிவிட்டதால். எதிர்பார்த்ததுதான். முழுதாகப் போக விட வேண்டாம் என்று மேல் இரண்டு வரிசைக்கு நடுவில் மட்டும் புதிதாக நட நினைக்கிறார்.

கட்டபெட்டு, கோத்தகிரி பக்கம் யாருக்காவது சிம்பு வேண்டுமென்றால் ஜூன் முதல் மழை விழுந்த பிறகு வாருங்கள், இப்போது பிரித்தால் வெயிலில் காய்ந்துவிடும். காசு வேண்டாம். ஈரச் சாக்கு ஒன்றும் நல்ல அரிவாள் ஒன்றும் கொண்டு வாருங்கள். வீட்டில் பாம்பாஸ் வைத்திருப்பவர்கள் செப்டம்பரில் குஞ்சம் விரிவதற்கு முன்னால் சொல்லுங்கள், கடப்பாரையோடு நான் வருகிறேன்.